தேய்ச்சிட்டு வாங்க, சரியாயிடும்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது டாக்டர்களைத் திட்டும் கட்டுரை இல்லை, ஒரு வாக்கியத்தைத் திட்டும் கட்டுரை. மூன்றே சொல் கொண்ட வாக்கியம்தான். ஆனால் அதனால் எனக்கு ஏழு வாரம் வீணாய்ப் போனது, என் அத்தைக்கு மூன்று வருஷம். அதனால் கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடி மாசம் இரண்டு முழங்கையிலும் தடிப்பு வந்தது. மேலே வெள்ளையாய்ச் செதில், சுரண்டினால் மெழுகு மாதிரி உதிரும். அப்புறம் முழங்கால், இடது கெண்டைக்கால், இடுப்புக்குப் பின்னால் ஒரு பட்டை. ஹாஸ்டலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "படர்தாமரைடா, என் துண்டைத் தொடாதே" என்றான் அறைத்தோழன். மருந்துக்கடை அண்ணன் பார்த்த மாத்திரத்தில் ஒரு களிம்பை எடுத்து நீட்டினார். பூசினேன், குறைந்தது. விட்டேன், முன்பைவிடப் பெரிதாய் வந்தது.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை, உள்ளே இரண்டு நிமிஷம். முழங்கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார். "சோரியாசிஸ். இந்த ஆயின்ட்மென்டைத் தேய்ச்சிட்டு வாங்க, சரியாயிடும்" என்றார். அடுத்த டோக்கன் உள்ளே வந்தாயிற்று. என் கையில் 15 கிராம் டியூப் ஒன்று. சீட்டில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும், 1-0-1' என்று இருந்தது.

அவர் கண்டுபிடித்த நோய் சரி. எழுதிய மருந்தும் சரி. குளோபெட்டசால் 0.05 சதவீதம். முழங்கை, முழங்காலில் தடித்துப்போன தோலுக்கு உலகம் முழுக்க எழுதப்படும் மருந்துதான் அது. பின்னே எதற்கு இந்தக் கோபம் என்கிறீர்களா? அந்த மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் சொல்: தேய்ச்சிட்டு

எவ்வளவு? எங்கே? எப்படி? மூன்றுக்கும் பதில் இல்லை.

நானும் எல்லாரையும் போல 'ஸ்டீராய்டு' என்று கேள்விப்பட்டதும் பயந்துவிட்டேன். கடுகளவு எடுத்து, ஊர் முழுக்கப் பந்தி வைக்கிற மாதிரி எல்லாத் தடிப்புக்கும் பங்கு போட்டேன். ஒரு டியூப் ஏழு வாரம் வந்தது. சிக்கனமாக இருக்கிறேன் என்று பெருமை வேறு. தடிப்பு அப்படியே இருந்தது. "இந்த மருந்து நமக்குக் கேட்கவில்லை" என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம் வேறொரு ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர் ஒருவர் என் டியூபை வாங்கி, என் ஆள்காட்டி விரல் மேலேயே பிதுக்கிக் காட்டினார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு. "தம்பி, இது ஒரு விரல்நுனி அளவு. சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து உன் இரண்டு உள்ளங்கை எவ்வளவு இடத்தை மூடுமோ, அவ்வளவு இடத்துக்கு இது போதும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

இதற்கு ஆன நேரம் அதிகம் போனால் அரை நிமிஷம். இந்த அளவுமுறையை லாங், ஃபின்லே என்ற இருவர் 1991-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த கணக்கு, என் விரலுக்கு வந்து சேர இத்தனை வருஷம்!

கணிதம் படிக்கிறவன் என்பதால் அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். என் தடிப்புகள் மொத்தம் நான்கு உள்ளங்கை அளவு. அதற்கு இரண்டு விரல்நுனி, அதாவது 1 கிராம். காலை, இரவு என்றால் ஒரு நாளைக்கு 2 கிராம். இரண்டு வாரத்துக்கு 28 கிராம். எனக்குக் கொடுத்தது 15 கிராம். நானோ அதை 49 நாள் ஓட்டினேன். நாளைக்கு 0.3 கிராம்! தேவைப்பட்டதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு இட்லி சாப்பிட வேண்டியவன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "இட்லி பசியை ஆற்றாது" என்று சொன்ன கதைதான்.

அடுத்தது 'எங்கே'. தோல் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. முழங்கை தாங்குவதை இமை தாங்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பிறப்புறுப்பு, முகம் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். குளோபெட்டசால் மாதிரி கடும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. மிதமான ஸ்டீராய்டைக் கொஞ்ச நாள், அல்லது டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத களிம்பு என்று டாக்டர் வேறு வழி பார்ப்பார். தலைக்கு ஆயின்ட்மென்ட் பூசினால் முடிதான் பிசுபிசுக்கும், தோலுக்குப் போய்ச் சேராது. அங்கே லோஷனோ ஷாம்பூவோ வேண்டும். அதற்கும் முன்னால் எண்ணெயோ சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தோ போட்டுச் செதிலை ஊறவைத்து எடுக்க வேண்டும். செதில் மேல் மருந்து பூசுவது தார்ப்பாய் போட்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி.

மூன்றாவது 'எப்படி'. 'தேய்' என்ற சொல்லே தப்பு! நம் ஊரில் தேய்ப்பது என்றால் எண்ணெய்க் குளியலில் பீர்க்கங்காய்க் கூட்டை வைத்துத் தேய்க்கிற தேய்ப்பு. சோரியாசிஸ் உள்ள தோலைக் கீறினால், உரசினால், காயம்பட்ட அதே இடத்தில் சில நாளில் புதுத் தடிப்பு கிளம்பும். 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இன்றுவரை அவர் பெயரில்தான் இதைச் சொல்கிறார்கள். செதிலைச் சுரண்டி எடுத்துவிட்டு 'நன்றாக' தேய்த்தவன் நான். நோயை நானே நாற்று விட்டிருக்கிறேன். தேய்க்கக் கூடாது, மெல்லப் பூச வேண்டும். பூசியபின் கையைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது சொல்: வாங்க

தமிழில் இந்த 'வாங்க' ஒரு மாயச்சொல். 'தொடர்ந்து செய்யுங்கள்' என்றும் அர்த்தம், 'திரும்ப வாருங்கள்' என்றும் அர்த்தம். எத்தனை நாள் தொடர்ந்து? எப்போது திரும்ப? இரண்டும் சொல்லப்படவில்லை.

இங்கேதான் என் அத்தை கதை வருகிறது. அவருக்கும் இதே நோய். அவருக்கும் யாரோ ஒருவர் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். நான் பயந்து குறைத்தேன், அத்தை நம்பிக் கூட்டினார். முதல் டியூபில் நன்றாகக் குறைந்தது. அப்புறம் டாக்டர் எதற்கு? காலி டியூபைக் கடையில் காட்டினால் புதுசு வருகிறது. மூன்று வருஷம் பூசினார். இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து. இன்று அந்த இடங்களில் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது. பிரசவத் தழும்பு போலக் கோடு கோடாய் விழுந்திருக்கிறது. அந்தக் கோடுகள் இனிப் போகாது. யாரோ பயமுறுத்தி ஒரே நாளில் மருந்தை நிறுத்தியதும், தடிப்பு முன்னிலும் வேகமாய்த் திரும்பி வந்தது.

குளோபெட்டசால் மாதிரி மிகக் கடுமையான ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூச இரண்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. டாக்டர் பார்வையில் போனால் நான்கு வாரம். வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு இடைவெளி, அல்லது வீரியம் குறைந்த மருந்து, அல்லது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று படிப்படியாக இறங்க வேண்டும். ஏறுவதற்கு மட்டும் படிக்கட்டு வைத்து இறங்குவதற்கு வைக்காத வீட்டை யாராவது கட்டுவார்களா? மருந்துச்சீட்டில் மட்டும் அப்படித்தான் கட்டுகிறோம்.

ஸ்டீராய்டு ஓய்வெடுக்கும் நாட்களில் என்ன செய்வது? அதற்குத்தான் மற்றவை. வைட்டமின் டி வழிவந்த கால்சிபோட்ரியால் இருக்கிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும், சில வாரங்கள் பொறுக்க வேண்டும், ஆனால் தோலை மெலிய வைக்காது. (அதையும் சாலிசிலிக் அமிலத்தையும் ஒன்றாகக் குழைத்துப் பூசினால் கால்சிபோட்ரியால் செத்துவிடும். இதையும் யாரும் சொல்லவில்லை!) நிலக்கரித் தார் கலந்த மருந்துகள் இருக்கின்றன. நாற்றமடிக்கும், சட்டையில் கறை படியும், ஆனாலும் நூறு வருஷமாய் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, மிக மலிவான, யாரும் மருந்தென்றே மதிக்காத ஒன்று இருக்கிறது. தோலை ஈரப்பதமாக வைத்திருக்கும் சாதாரணப் பூச்சு. வெள்ளைப் பாரஃபின் ஆகட்டும், தேங்காய் எண்ணெய் ஆகட்டும். குளித்த கையோடு, துண்டால் ஒற்றிவிட்டு, தினமும். அரிப்பு குறையும், வெடிப்பு குறையும், செதில் இளகும். களிம்புக்கும் இதற்கும் நடுவே அரை மணி இடைவெளி விட்டால் போதும். பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், அதனால் அடுப்பு, சிகரெட் பக்கம் கவனம்.

மூன்றாவது சொல்: சரியாயிடும்

மூன்றில் மோசமானது இதுதான். ஏனென்றால் இது பொய்.

சோரியாசிஸ் என்பது தோலில் ஒட்டிக்கொண்ட அழுக்கோ கிருமியோ இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தப்பாய்த் தூண்டப்பட்டு, ஒரு மாசம் எடுத்து வளர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகின்றன. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. (அறைத்தோழா, உன் துண்டு உனக்கே!) 2014-ல் உலக சுகாதார சபை ஒரு தீர்மானமே போட்டது. இது நாள்பட்ட நோய், தொற்றாத நோய், வலி தரும் நோய், முழுதாய்க் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லாத நோய் என்று. சர்க்கரை வியாதிக்காரரிடம் எந்த டாக்டராவது "மாத்திரை போடுங்க, சரியாயிடும்" என்பாரா? "கட்டுக்குள் வைக்கலாம்" என்பார். அந்த மரியாதை தோல்நோய்க்காரனுக்கு ஏன் இல்லை?

'சரியாயிடும்' என்று கேட்டவன் என்ன செய்வான்? தடிப்பு மறைந்ததும் மருந்தை விடுவான். திரும்ப வந்ததும் "டாக்டர் ஏமாற்றிவிட்டார்" என்பான். நேராக அடுத்த ஆளிடம் போவான். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'நிரந்தரத் தீர்வு' போஸ்டர் ஒட்டியிருக்கிறவர் அவனுக்காகத்தான் காத்திருக்கிறார். அந்தப் போஸ்டர்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது நம் டாக்டரின் அந்த ஒற்றைச் சொல்தான். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

உடனே சித்த வைத்தியத்தைத் தாக்குகிறேன் என்று கிளம்ப வேண்டாம். காளாஞ்சகப்படை என்று இந்த நோய்க்குப் பெயர் வைத்து, வெட்பாலைத் தைலம் கொடுப்பதெல்லாம் எனக்குத் தெரியும். முறையாகப் படித்த சித்த மருத்துவர் பெயர் போட்டு, பொருள் போட்டுக் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை லேபிளே இல்லாத டப்பாவோடு. 1999-ல் லண்டனில் டாக்டர்கள் 'மூலிகை' என்று விற்ற 11 சீனத் தோல் களிம்புகளைச் சோதித்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டுக்குப் பயந்து மூலிகைக்கு ஓடி, மறைத்துவைத்த ஸ்டீராய்டையே முகத்தில் பூசிக்கொள்கிற கொடுமை!

இன்னொன்று. நம் நிறத் தோலுக்கே உரியது. படங்களில் சோரியாசிஸ் சிவப்பாய் இருக்கும். நமக்கு அது ஊதாவாக, கரும்பழுப்பாக, சாம்பல் பூத்தாற்போல இருக்கும். தடிப்பு அடங்கிய பிறகும் அந்த இடத்தில் கறுப்பாகவோ வெளிறியோ ஒரு தடம் மாதக்கணக்கில் நிற்கும். அது நோய் இல்லை, நோய் இருந்த தடம். தொட்டுப் பார்த்தால் சமமாக, செதில் இல்லாமல் இருக்கும். இது தெரியாததால் "இன்னும் போகலையே" என்று அந்தத் தடத்தின் மேல் ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டே இருக்கிறார்கள். என் அத்தை பூசிய மூன்று வருஷத்தில் எத்தனை மாசம் வெறும் தடத்துக்குப் பூசினாரோ! கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

"டாக்டருக்கு நேரம் எங்கே?"

இந்தப் பதில் வரும் என்று தெரியும். நியாயமான பதில்தான். ஒரு காலையில் அத்தனை நோயாளியைப் பார்க்கிறவரிடம் பாடம் எடுங்கள் என்று கேட்பது அநியாயம். ஆனால் சொல்ல வேண்டியவர் டாக்டர் மட்டும்தான் என்று யார் சொன்னது? தமிழில் அடித்த அரைப்பக்கக் காகிதம் ஒன்று போதுமே. ஒரு கை படம், ஒரு விரல் படம், எந்த இடத்துக்கு எது, எத்தனை நாள், எப்போது திரும்ப வர வேண்டும். நர்ஸ் கொடுக்கலாம். மருந்தாளுநர் கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு அந்த டியூபின் அட்டைப்பெட்டி விலைகூட இருக்காது.

"சொன்னாலும் கேட்கமாட்டார்கள்" என்பது அடுத்த பதில். இது எனக்குக் கோபம் வரவைக்கும் பதில். சொல்லிப் பார்த்தீர்களா? இரண்டாவது டாக்டர் சொன்னார், நான் கேட்டேன். கணக்கே போட்டேன்!

மருந்துக்கடைக்காரர்களையும் விடுவதாயில்லை. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகள் கொண்ட பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. தோல் மருத்துவர்கள் பல வருஷம் கத்திய பிறகு வந்த மாற்றம். ஆனால் கடைப் பலகையில் காலி டியூபை வைத்தால் இன்றைக்கும் புதுசு வருகிறதா இல்லையா? உங்கள் தெருக்கடையில் நீங்களே பாருங்கள்.

நம் பங்கும் உண்டு. "இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்" என்று வெளியே வந்து புலம்புகிறோம். உள்ளே இருக்கும்போது வாயைத் திறப்பதில்லை. டாக்டரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். நானும் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. புதிதாக இந்த நோய் என்று கேள்விப்பட்டு வெலவெலத்துப் போயிருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. ஒரு தடவைக்கு எத்தனை விரல்நுனி அளவு? இந்த டியூப் எத்தனை நாளில் தீர வேண்டும்?
2. உடம்பில் எந்த இடத்துக்கு இதைப் பூசக் கூடாது? அங்கே என்ன பூசுவது?
3. எத்தனை நாள் தொடர்ந்து பூசலாம்? எப்படிப் படிப்படியாகக் குறைப்பது?
4. இதோடு ஈரப்பதப் பூச்சு எது, எப்போது?
5. என்ன ஆனால் நான் உடனே திரும்ப வர வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் பத்து உள்ளங்கைக்கு மேல் பரவினால், களிம்பை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று அடுத்த படிகள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் விரல் மூட்டோ குதிகாலோ விறைத்து வலித்தால் அதை வேறு நோய் என்று ஒதுக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோரியாசிஸ் மூட்டுக்குள்ளும் போகும், விட்டுவிட்டால் மூட்டு கெட்டுப்போகும். உடம்பு முழுக்கச் சிவந்தாலோ, காய்ச்சலோடு சீழ்க்கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

என் நிலவரம்? முழங்கால் சமமாகிவிட்டது, தடம் மட்டும் இருக்கிறது. முழங்கை பரீட்சை சமயத்தில் கொஞ்சம் தலைகாட்டும், வாரத்தில் இரண்டு நாள் பூச்சில் அடங்கும். 'சரியாகவில்லை', கட்டுக்குள் இருக்கிறது. அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்துவிட்டேன். அத்தையை அந்த வயதான டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் விரலில் மருந்தைப் பிதுக்கிக் காட்டியபோது, அத்தை கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கேட்டார்: "இவ்வளவுதானாடா? இதை ஏன்டா மூணு வருஷமா ஒருத்தரும் சொல்லலை?"

என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாராவது மருத்துவமோ மருந்தியலோ நர்ஸிங்கோ படித்துக்கொண்டிருந்தால், நாளைக்கு ஒருவர் கையில் டியூபைக் கொடுக்கும்போது தயவுசெய்து அந்த மூன்று சொல்லைச் சொல்லாதீர்கள். அவர் விரலை நீட்டச் சொல்லுங்கள்.